ஸ்பீச் தெரபி: காத்திருப்பதா, சென்டரா, வீடா, ஆன்லைனா?

குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை, அல்லது பேசுவது யாருக்கும் புரியவில்லை என்றதும் பெற்றோர் முதலில் கேட்பது "எந்த சென்டர் நல்லது?" என்றுதான். அடுத்தது "வாரத்துக்கு எத்தனை செஷன்?". இரண்டும் கேட்க வேண்டியவைதான், ஆனால் கொஞ்சம் தள்ளிக் கேட்க வேண்டியவை. குழந்தைக்கு இருப்பது எந்த மாதிரிச் சிரமம் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். ஒரு குழந்தை வாரம் நான்கு நாள் தெரபிஸ்ட் எதிரே உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். இன்னொரு குழந்தைக்கு அதே நான்கு நாள் வெறும் அலைச்சல், அந்த நேரத்தில் அம்மா அப்பாவைப் பழக்கியிருந்தால் நன்றாக முன்னேறியிருக்கும். என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பேச்சுத் தாமதம் என்று வருகிற சின்னக் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு, பெற்றோரைப் பழக்குகிற வழிதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். இதில் அடங்காத பிள்ளைகளும் உண்டு, அவர்களை அடையாளம் காணாமல் "வீட்டிலேயே பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டால் வருடக்கணக்கில் நஷ்டம்.

எதையும் ஒப்பிடுவதற்கு முன்னால் காது. "கூப்பிட்டா திரும்புறான், டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றான், காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். லேசான செவித்திறன் குறைவோ, நடுக்காதில் நீர் கோத்திருப்பதோ இருந்தால் குழந்தை சத்தத்துக்குத் திரும்பும்தான், ஆனால் பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள், ச, ப, த மாதிரியானவை, மங்கிப்போய்க் காதில் விழும். நடுக்காது நீர் ஒரு மாதம் இருக்கும், மறு மாதம் இருக்காது, அதனால் வீட்டில் இருப்பவர்களால் கண்டுபிடிக்க முடியாது. ஓஏஇ, பெரா போன்ற செவித்திறன் சோதனைகளுக்குக் குழந்தை பதில் சொல்ல வேண்டியதே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடலாம். இதை முடிக்காமல் தெரபி தொடங்குகிற இடத்தை நான் நம்ப மாட்டேன்.

காது சரி என்றால் அடுத்து வகை. வார்த்தைகள் குறைவு, வாக்கியம் வரவில்லை, சொல்வது சரியாகப் புரிவதில்லை என்பது ஒன்று. வார்த்தைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் உச்சரிப்பு குழம்பி வெளியாட்களுக்குப் புரியவில்லை என்பது வேறு. என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் நாக்கும் உதடும் அந்த அசைவுகளைத் திட்டமிட முடியாமல் திணறுவதை அப்ராக்ஸியா என்பார்கள், அது அபூர்வம், ஆனால் அதன் வைத்தியமே தனி. திக்கல் இன்னொன்று. ஆட்டிசத்தில் பேச்சை விட, இன்னொருவரிடம் எதையாவது பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தூண்டுதலும் அதற்கான வழிகளும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. ஒரே பிள்ளைக்கு இதில் இரண்டு சேர்ந்தும் இருக்கும். மதிப்பீடு செய்பவர் இதில் எது என்று உங்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். "பேச்சு கொஞ்சம் லேட், தெரபி போட்டா சரியாயிடும்" என்பது மதிப்பீடே இல்லை.

காத்திருப்பது எப்போது சரி

காத்திருப்பதும் ஒரு தேர்வுதான், அதை அலட்சியம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. இரண்டு வயதில் 50 வார்த்தைகளுக்குக் குறைவாகப் பேசுகிற, அல்லது இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்லாத குழந்தைகளைத்தான் பொதுவாகத் தாமதமாகப் பேசுகிறவர்கள் என்று கணக்கில் வைப்பார்கள். அந்த வயதுக் குழந்தைகளில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் இப்படித்தான். இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பள்ளி வயதுக்குள் தானாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். "எங்க சித்தப்பா மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கல, இப்ப பேச்சை நிறுத்த மாட்டேங்கிறார்" என்ற கதை எல்லாக் குடும்பத்திலும் இருப்பதற்குக் காரணம் அது நிஜமாகவே அடிக்கடி நடப்பதுதான். எட்டிப் பிடிக்காமல் போனவர்களின் கதையை யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை, அவ்வளவுதான். காது, அறிவுத்திறன் எல்லாம் சரியாக இருந்தும் மொழி மட்டும் நிரந்தரமாகச் சிரமமாக இருக்கிற பிள்ளைகள் சுமார் 7 சதவீதம், அதாவது 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். பெரும்பாலும் இவர்களை "கவனிக்க மாட்டான்", "படிப்பில் மந்தம்" என்று முத்திரை குத்திவிடுவார்கள். 2017ல் டாரத்தி பிஷப் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் கூடி இதற்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்ற பொதுப் பெயரை முடிவு செய்தார்கள், அதுவரை ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரி, யாருக்காகக் காத்திருக்கலாம்? பேசாவிட்டாலும் சொல்வதெல்லாம் நன்றாகப் புரிந்துகொள்கிற, விரலை நீட்டிக் காட்டுகிற, காட்டிவிட்டு நீங்கள் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற, பொம்மையைத் தூங்க வைத்து விளையாடுகிற, மெதுவாகவாவது மாதாமாதம் வார்த்தைகள் கூடுகிற இரண்டு வயதுக் குழந்தைக்கு. அதுவும் சும்மா காத்திருப்பது இல்லை. குழந்தை சொல்கிற எல்லா வார்த்தைகளையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். காரைப் பார்த்தால் எப்போதும் "ஊம்" என்கிறதா, அதுவும் ஒரு வார்த்தை. நாயைப் பார்த்து "வவ்வவ்" என்பதும் வார்த்தைதான். வீட்டில் இரண்டு மொழி பேசினால் இரண்டிலும் உள்ளதைக் கூட்டிக்கொள்ளுங்கள். (இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. ஒரு மொழியை நிறுத்தச் சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதைக் கேட்டு, தனக்குச் சரளமாக வராத மொழியில் அம்மா குழந்தையிடம் தட்டுத் தடுமாறிப் பேசுவதுதான் உண்மையான நஷ்டம்.)

ஒரு வயதிலும் மழலைச் சத்தமோ கைச்சாடையோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால் பொறுத்திருக்க வேண்டாம். முன்பு சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் காணாமல் போனால், எந்த வயதானாலும், அந்த வாரமே டாக்டர். அப்புறம் இன்னொன்று: நல்ல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். காத்திருப்பது என்று முடிவு செய்தாலும் மதிப்பீட்டுக்குப் பெயரைக் கொடுத்து வையுங்கள், குழந்தை பேச ஆரம்பித்துவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

சென்டரில் தெரபிஸ்டா, பயிற்சி பெற்ற பெற்றோரா

சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். சென்டர் பக்கம் இருப்பவர்கள் "நாங்க படிச்சவங்க, இது அம்மாக்கள் செய்யற வேலை இல்ல" என்பார்கள். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. ஜேம்ஸ் லா குழுவினர் 2003ல் வெளியிட்ட கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (ஒரு கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் தேடிச் சேர்த்து எடைபோடுவது), தெரபிஸ்ட் நேரடியாகக் கொடுத்த தெரபிக்கும், பயிற்சி பெற்ற பெற்றோர் கொடுத்ததற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. மேகன் ராபர்ட்ஸும் ஆன் கைசரும் 2011ல் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பெற்றோர் வழியாகச் செய்வது குழந்தையின் பேச்சையும் புரிதலையும் உயர்த்துகிறது என்று காட்டினார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரத்தில் 168 மணி நேரம், அதில் சின்னக் குழந்தை விழித்திருப்பது எப்படியும் 80 மணி நேரத்துக்குக் குறையாது, முக்கால் மணி நேர செஷன் இரண்டு என்றால் ஒன்றரை மணி. மிச்ச நேரம் முழுக்க யாருடன் இருக்கிறது, அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் பெரிய பங்கு.

ஆனால் "பயிற்சி பெற்ற" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. செஷன் முடிந்து வெளியே வரும்போது ஒரு தாளைக் கொடுத்து "வீட்ல இதைப் பண்ணுங்க" என்பது பயிற்சி இல்லை, அது ஹோம்வொர்க். கனடாவில் 1975ல் தொடங்கிய ஹானென் திட்டம் மாதிரியான முறைகளில் பெற்றோரைக் குழந்தையுடன் விளையாட விட்டு, வீடியோ எடுத்து, பிறகு அவர்களுக்கே போட்டுக் காட்டுகிறார்கள்: இந்த இடத்தில் பையன் உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை, இந்த இடத்தில் மூன்று கேள்வி வரிசையாகக் கேட்டுவிட்டீர்கள், அவனுக்குப் பதில் சொல்ல இடமே இல்லை. தன் வீடியோவைத் தானே பார்ப்பது கூச்சமாக இருக்கும், ஆனால் அறிவுரையால் மாறாதது அதில் மாறும்.

என்ன மாறுகிறது என்பதைக் கிட்டத்தில் காட்டுகிறேன். சோப்புக் குமிழி ஊதும் டப்பா. சாதாரணமாக நாம் ஊதிக்கொண்டே இருப்போம், "பாரு பாரு, எவ்ளோ பெருசு, இது என்ன கலர், சொல்லு, பபிள் சொல்லு" என்று. குழந்தை வாயை மூடிக்கொண்டு குமிழியைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்குப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. பழகியவர் இரண்டு முறை ஊதிவிட்டு மூடியை இறுக்கி மூடி, டப்பாவைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், ஏதோ நடக்கப்போகிறது என்பது போலக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். ஐந்து வினாடி, பத்து வினாடி. பெரியவர்களுக்கு அது தாங்க முடியாத நீளம். குழந்தை டப்பாவைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும், கையை நீட்டும், "ஊ" என்று ஒரு சத்தம் வரும். உடனே "ஊது!" என்று ஒரே வார்த்தை சொல்லி ஊத வேண்டும். "ஊதுன்னு சரியா சொல்லு, அப்பத்தான் ஊதுவேன்" என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. நாளடைவில் அந்த "ஊ" தானாகவே "ஊது" ஆகும், அது வந்த பிறகு நீங்கள் "பெருசா ஊது" என்பீர்கள், எப்போதும் குழந்தைக்கு ஒரு படி மேலே. குளிக்க வைக்கும்போதும் சட்டை மாட்டும்போதும் இதே உத்திதான். இதைச் செய்வதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த வழியின் பலம்.

ஆட்டிசத்திலும் இந்த வழிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 152 குழந்தைகளுடன் நடந்த பேக்ட் ஆய்வில் வீடியோ காட்டிப் பெற்றோரைப் பழக்கினார்கள், வீட்டில் தினம் அரை மணி நேரம் செய்யச் சொன்னார்கள். 2010ல் வந்த முதல் முடிவு அவ்வளவு பிரமாதமாக இல்லை: பெற்றோரும் குழந்தையும் பழகும் விதம் நன்றாக மாறியது, ஆட்டிச அறிகுறிகளில் பெரிதாகக் குறையவில்லை. சுமார் ஆறு வருடம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்து 2016ல் வெளியிட்டபோது அறிகுறிகளின் தீவிரமும் குறைந்திருந்தது தெரிந்தது. தெரபிஸ்ட் விலகிய பிறகும் வீட்டில் அந்தப் பழக்கம் தொடர்ந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பேசாமல் போவது நியாயம் இல்லை. பெற்றோரைப் பழக்குவது என்றாலே நடைமுறையில் அம்மாவைப் பழக்குவது என்று ஆகிவிடுகிறது, குழந்தை முன்னேறவில்லை என்றால் பழியும் அவர் மேல் விழுகிறது. ஏற்கெனவே தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து இருப்பவரிடம் இன்னொரு பொறுப்பைத் தூக்கி வைப்பது சரியா என்று தெரபிஸ்ட் யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் வாரம் இரண்டு செஷன் சென்டரில் நடப்பது மேல், அந்த அளவாவது உறுதியாக நடக்கும். அப்பாவோ பாட்டியோ, பகலில் பார்த்துக்கொள்கிறவரோ, யார் அதிக நேரம் குழந்தையுடன் இருக்கிறாரோ அவரைப் பழக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தெரபிஸ்டின் கை கட்டாயம் வேண்டிய பிள்ளைகள்

உச்சரிப்புப் பிரச்சினையில் கதை வேறு. நான்கு வயதாகியும் வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை என்றால் மதிப்பீடு வேண்டும். ர, ழ தடுமாறுவது அந்த வயதில் பெரிய விஷயமில்லை, அவை தாமதமாக வருகிற ஒலிகள். ஆனால் க வரும் இடமெல்லாம் த போட்டுப் பேசுகிற நான்கு வயதுப் பிள்ளைக்கு, "க சொல்லு, க, க" என்று வீட்டில் நூறு முறை சொன்னாலும் எரிச்சல்தான் மிஞ்சும். தெரபிஸ்ட் என்ன செய்வார் என்றால், இரண்டு அட்டைகளை மேசையில் வைப்பார், ஒன்றில் காய், ஒன்றில் தாய். பிள்ளை காய் அட்டையைக் கேட்க நினைத்து "தாய்" என்கிறது. அவர் சிரிக்காமல், திருத்தாமல், தாய் அட்டையை எடுத்து நீட்டுவார். பிள்ளை குழம்பும், இது இல்லை என்று தலையாட்டும், மறுபடி "தாய்!" என்று சத்தமாகச் சொல்லும், மறுபடி அதே அட்டை. தான் சொல்கிற ஒலிதான் அர்த்தத்தை மாற்றுகிறது என்பது அங்கே உறைக்கும், நாக்கின் பின்பகுதியை எப்படி மேலே தூக்குவது என்ற பாடம் அதற்குப் பிறகுதான் எடுபடும். எந்த ஒலியை முதலில் எடுப்பது, எந்தச் சொல் ஜோடியை வைப்பது, எப்போது வாக்கியத்துக்குப் போவது என்பதெல்லாம் படித்துப் பழகியவர் தீர்மானிக்க வேண்டியவை. வீட்டில் தினம் ஐந்து, பத்து நிமிடம் பயிற்சி வேண்டும்தான், ஆனால் ஓட்டுநர் தெரபிஸ்ட்.

அப்ராக்ஸியாவில் இது இன்னும் கறார். ஒரே வார்த்தையை மூன்று முறை சொன்னால் மூன்று விதமாக வருவது, உயிரெழுத்து ஒலிகளே திரிவது, சொல் நீள நீளக் கலைந்துபோவது, வாயைத் திறந்து சரியான நிலையைத் தேடித் தடுமாறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். மூன்று வயதுக்கு முன் உறுதியாகச் சொல்வது கடினம். தட்டச்சு பழகுவது மாதிரி இது அசைவைப் பழக்கும் வேலை, அதனால் அடிக்கடி, நிறைய முறை, உடனுக்குடன் திருத்தத்தோடு செய்ய வேண்டும். சிட்னியில் 2015ல் வெளியான ஆய்வில் இரண்டு முறைகளை ஒப்பிட்டபோது வாரம் நான்கு நாள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று மூன்று வாரம் கொடுத்தார்கள், இரண்டிலுமே பிள்ளைகள் முன்னேறினார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு வாரம் ஒரு முறை அரை மணி நேரம் என்று ஒரு வருடம் இழுப்பதை விட, சில வாரங்கள் நெருக்கமாகக் கொடுத்து இடைவெளி விட்டு மறுபடி கொடுப்பது மேல் என்று நினைக்கிறேன். சென்டர்கள் தங்கள் கால அட்டவணைக்காக எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதான் வழக்கம், நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

திக்கல்

இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்க ஆரம்பிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர், தோராயமாக முக்கால்வாசிப் பேர், தானாகவே சரியாகிவிடுகிறார்கள். அதனால் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன, பிள்ளை கவலைப்படவில்லை, குடும்பத்தில் பெரியவர்களுக்குத் திக்கல் இல்லை என்றால் கவனித்துக்கொண்டே பொறுத்திருக்கலாம். குடும்பத்தில் இருந்தால், ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீடித்தால், பேசும்போது முகம் இறுகினால், பேசுவதையே தவிர்க்க ஆரம்பித்தால் தொடங்கிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம் முறையில் பெற்றோர்தான் தினமும் செய்கிறார்கள், தெரபிஸ்ட் வாராவாரம் வழிகாட்டுகிறார்: சரளமாகச் சொன்னதைப் பாராட்டுவது முக்கியப் பங்கு, எப்போதாவது மட்டும் திக்கிய சொல்லை மென்மையாகச் சுட்டுவது. இன்னொரு முறையில் திக்கலைத் தொடாமல், வீட்டில் பேச்சின் வேகத்தையும் அவசரத்தையும் குறைக்கிறார்கள். எது மேல் என்று நெதர்லாந்தில் 199 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள், 2015ல் முடிவு வந்தது: 18 மாதம் கழித்து திக்கல் இல்லாதவர்கள் முதல் முறையில் 76.5 சதவீதம், இரண்டாவதில் 71.4. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே உங்களுக்குக் கிடைக்கிற தெரபிஸ்டுக்கு எது நன்றாகத் தெரியுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், முறையைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். "மெதுவா பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்று நூறு தடவை சொல்வது மட்டும் எந்த முறையிலும் இல்லை.

ஆன்லைன், குழு, பள்ளி

2020க்குப் பிறகு ஆன்லைன் தெரபி சாதாரணமாகிவிட்டது, நல்லதுதான். லிட்கோம் முறையை வெப்கேம் வழியாகக் கொடுத்ததும் நேரில் கொடுத்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பெற்றோரைப் பழக்குவதற்கு ஆன்லைன் சில சமயம் நேரில் போவதை விடவும் மேல், ஏனென்றால் தெரபிஸ்ட் உங்கள் வீட்டுத் தரையில், உங்கள் பொம்மைகளோடு நடப்பதையே பார்க்கிறார். இரண்டு வயதுக் குழந்தையைத் திரை முன் உட்கார வைத்து தெரபிஸ்ட் படம் காட்டுவதற்குப் பணம் கட்டாதீர்கள், அது தெரபி என்ற பெயரில் இன்னும் அரை மணி நேர ஸ்கிரீன், அவ்வளவே. உச்சரிப்புக்கு ஐந்து, ஆறு வயதுக்கு மேல், உட்கார்ந்து கவனிக்கிற பிள்ளை, நல்ல மைக், யாராவது பக்கத்தில் என்றால் சரிவரும்.

குழு தெரபி மலிவு. தனி செஷனை விடக் குறைந்தது என்றும் சொல்ல முடியாது, மேலே சொன்ன கோக்ரேன் தொகுப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பேச்சு வந்துவிட்டது ஆனால் முறை வைத்துப் பேச, விளையாட்டில் சேர, பேச்சைத் தொடங்கத் தெரியவில்லை என்கிற பிள்ளைக்குக் குழுதான் சரியான இடம்; அறையில் ஒரு பெரியவருடன் அதைப் பழக முடியாது. குழுவில் எல்லோருமே பேசாத பிள்ளைகளாக இருந்தால் பயன் குறைவு, நன்றாகப் பேசுகிற பிள்ளைகளும் கலந்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தெரபிஸ்ட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம்: கட்டளைகளைச் சின்னச் சின்னதாக உடைத்துச் சொல்வது, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுப்பது.

படமும் சைகையும் வந்தால் பேச்சு போய்விடுமா

பேச்சு வராத பிள்ளைக்குப் படம், சைகை, பேசும் டேப்லெட் வழியாகச் சொல்லப் பழக்கலாம் என்றதும் வருகிற இந்தப் பயம்தான் பல பிள்ளைகளின் இரண்டு மூன்று வருடத்தைத் தின்றிருக்கிறது. படத்தைக் கொடுத்துப் பழக்கினால் பேசவே மாட்டான், டேப்லெட் பேசினால் இவன் எதற்குப் பேசுவான் என்பார்கள். 2006ல் மில்லர், லைட், ஷ்லோசர் மூவரும் இதையே ஆராய்ந்தார்கள். நம்பகமான ஆதாரம் இருந்த 27 பேரில் 89 சதவீதத்தினருக்குப் பேச்சு கூடியது, மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை, ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கூடியது பெரும்பாலும் சிறிய அளவில்தான், ஆகவே இதைப் பேச வைக்கும் மந்திரம் என்று விற்கிறவர்களையும் நம்ப வேண்டாம். இதன் வேலை வேறு: இன்றைக்கு, இப்போதே, வயிறு வலிக்கிறது என்றோ இது வேண்டாம் என்றோ சொல்ல ஒரு வழி. அந்த வழி இல்லாத பிள்ளை கத்தும், கடிக்கும், தலையை முட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவில் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985ல் உருவாக்கிய பெக்ஸ் முறையில் பிள்ளை படத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துக் கேட்கப் பழகுகிறது. செலவு குறைவு, அட்டையும் ஒட்டும் பட்டையும் போதும், ஆனால் அதன் பெரும்பகுதி "எனக்கு இது வேண்டும்" என்று கேட்பதிலேயே சுற்றுகிறது. பேசும் செயலி உள்ள டேப்லெட்டில் கேட்பது, மறுப்பது, கேலி செய்வது, கதை சொல்வது எல்லாவற்றுக்கும் இடமுண்டு, ஆனால் சுற்றி இருப்பவர்களும் அதைத் தொட்டுத் தொட்டுப் பேசிக் காட்ட வேண்டும். வாங்கி அலமாரியில் வைத்தால் பேசாது. சைகைக்குச் செலவே இல்லை, எங்கும் மறந்து வைத்துவிட முடியாது, ஆனால் வெளியாட்களுக்குப் புரியாது. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, பெரும்பாலும் கலந்துதான் ஓடும். இதைத் தொடங்க "முதலில் பேச்சுக்கு முயற்சி செய்வோம், வரவில்லை என்றால் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிற தெரபிஸ்டை விட, இரண்டையும் சேர்த்தே தொடங்குகிறவரைத் தேர்ந்தெடுங்கள்.

கதவைச் சாத்த வேண்டிய இடங்கள்

செஷன் முழுக்க விசில் ஊதுவது, மெழுகுவர்த்தி அணைப்பது, நாக்கை நீட்டி மடக்குவது என்று போனால் கேள்வி கேளுங்கள். பேச்சு ஒலி இல்லாத வாய்ப் பயிற்சிகளால் உச்சரிப்பு சரியாகும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று 2015ல் ஒரு கோக்ரேன் தொகுப்பே சொல்லிவிட்டது. (முன்னால் சொன்ன சோப்புக் குமிழி வாய்க்கு வலு கொடுப்பதற்காக இல்லை, கேட்க வைப்பதற்காக.) பேசாத பிள்ளையின் கையையோ தோளையோ பெரியவர் பிடித்துக்கொண்டு, அல்லது எழுத்துப் பலகையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையே வாக்கியங்கள் எழுதுகிறது என்று காட்டுகிற முறைகளை அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம் 2018ல் வெளிப்படையாகவே வேண்டாம் என்றது. கையைப் பிடிக்கிற முறையைச் சோதித்தபோது எழுதியது பெரியவர்தான், பிள்ளை இல்லை; பலகையைப் பிடிக்கிற முறையிலும் வருவது பிள்ளையின் சொற்கள்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. "மூணு மாசத்துல பேச வைக்கிறோம், கேரண்டி" என்று சொல்கிற இடத்துக்கு விளக்கமே தேவையில்லை.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது: நான் உள்ளே உட்காரலாமா? முதல் ஒன்றிரண்டு தடவை பிள்ளை அம்மாவையே ஒட்டிக்கொள்ளும் என்பதால் வெளியே இருக்கச் சொல்லலாம், அது புரிகிறது, எப்போதுமே கதவு மூடியிருந்தால் புரியவில்லை. அடுத்து, மூன்று மாதத்துக்கு என்ன இலக்கு என்று எழுதிக் கேளுங்கள். "பேச்சு மேம்படும்" என்பது இலக்கு இல்லை; "விளையாட்டில் இருவார்த்தைத் தொடர்கள் பத்தாவது தானாகச் சொல்லுவான்" என்பது இலக்கு, அதை நீங்களே எண்ணிப் பார்க்க முடியும். மூன்று மாதம் கழித்தும் அது நகரவில்லை என்றால், உடனே சென்டரை மாற்றாமல், முதல் மதிப்பீட்டையே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். லேசான செவித்திறன் குறைவும் அப்ராக்ஸியாவும் முதல் சந்திப்பில் கண்ணுக்குத் தப்பிவிடக் கூடியவை, அந்த இரண்டிலும் நீங்கள் தேர்ந்தெடுத்த வழியே வேறாக இருந்திருக்க வேண்டும்.